பகல் வேஷம்

2025 ஜூலை 9. பங்காருபாளையத்தில் ரோடெல்லாம் மாங்காய். சித்தூரிலிருந்து பலமனேர் போகிற நெடுஞ்சாலை, மொகிலி கணவாய் ஏறுவதற்கு முன்னால் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அன்றைக்கு அந்தச் சாலையில் டிராக்டர்களிலிருந்து கிளிமூக்கு மாங்காயைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சக்கரங்கள் ஏறி இறங்கியதில் தார் ரோடு மஞ்சள் பூசிக்கொண்டது. முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி மார்க்கெட் யார்டுக்கு வந்து மா விவசாயிகளைப் பார்க்கிற நாள் அது. யார்டுக்குள் 500 பேருக்கு மேல் கூடாது என்றது போலீஸ். வந்த கூட்டம் அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை.

நமக்குக் கிளிமூக்கு என்றால் மெரினாவில் கீறி, மிளகாய்த்தூள் தூவித் தருகிற மாங்காய். இங்கே அதன் பெயர் தோத்தாபுரி. தின்பதற்கு விளைவிப்பதில்லை, கூழ் ஆலைக்குப் போய், டின்னில் அடைபட்டு, எங்கோ ஒரு ஊரில் பாட்டில் ஜூஸாக வெளியே வருகிற சரக்கு. அதனால் ஆலை சொல்வதுதான் விலை. கிலோவுக்கு 12 ரூபாய், அதில் ஆலை தருவது 8, அரசு தருவது 4 என்று சந்திரபாபு அரசு அறிவித்திருந்தது. 12 எங்கே, அந்த 8 கூட எங்கே என்று விவசாயி கேட்டுக்கொண்டிருந்தார். கர்நாடகத்து மாங்காய் உள்ளே வரக் கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட, அங்கிருந்து சித்தராமையா கடிதம் எழுத, மாங்காய் இரண்டு மாநிலச் சண்டையாகவும் ஆகியிருந்தது.

ஜெகன் வந்துபோனதும் ஆளும் தெலுங்கு தேசம் தரப்பிலிருந்து வந்த பதிலைச் சுருக்கினால் ஒரே வார்த்தை: நாடகம். மாங்காயைக் கொட்டியது விவசாயி இல்லை, கட்சிக்காரர்கள். எல்லாம் கேமராவுக்காக நடந்த நாடகம்.

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பங்காருபாளையத்துக்காரரிடம் போய் 'நாடகம்' என்பதைக் குற்றச்சாட்டாகச் சொன்னால் எடுபடுமா என்பது என் சந்தேகம். தெலுங்கு தேசத்தின் சார்பில் பத்து வருஷம் இவர்களுடைய எம்.பி.யாக இருந்தவரே நாடகக்காரர்தான். யார்டுக்கு எதிரே டீக்கடையில் அவர் பெயரை எடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் தெலுங்கும் தமிழும் கலந்து திருப்பிக் கேட்டார்: "எங்க சிவப்பிரசாதா? எந்த வேஷத்துல இருக்கிறவர கேக்கற நைனா?"

நாரதர், ராமர், ஹிட்லர்

நாரமல்லி சிவப்பிரசாத் படித்த டாக்டர். திருப்பதி எஸ்.வி. மருத்துவக் கல்லூரி. தொழில் வைத்தியம், ஆசை மேடை. பிறகு சினிமாவில் வில்லனாக நடித்தார். 2005-ல் வந்த 'டேஞ்சர்' படத்துக்காக வில்லன் நடிகருக்கான நந்தி விருதும் வாங்கினார். படமும் எடுத்தார். 1991-ல் அவர் இயக்கிய 'பிரேம தபஸ்ஸு' படத்தில் ஒரு புதுமுகத்தை அறிமுகப்படுத்தினார். அடுத்த வருஷம் நம்மூரில் 'செம்பருத்தி'யாக வந்த ரோஜாதான் அந்தப் புதுமுகம். அவரும் பின்னாளில் இதே மாவட்டத்து நகரி தொகுதியில் எம்.எல்.ஏ. ஆனார், எதிர்க்கட்சிப் பக்கம் நின்று. எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே ஈடிவியின் 'ஜபர்தஸ்த்' காமெடி நிகழ்ச்சியில் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். சித்தூர் ஜில்லாவில் அரசியல் எங்கே முடிகிறது, காமெடி எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போடுவது கஷ்டம்.

2018-ல் ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டு தெலுங்கு தேசம் எம்.பி.க்கள் நாடாளுமன்ற வளாகத்தில் தினமும் நின்றார்கள். மற்றவர்கள் கையில் அட்டை. சிவப்பிரசாத் மட்டும் தினம் ஒரு ஆளாக வந்தார். ஒரு நாள் தம்புராவோடு நாரதர். ஒரு நாள் புடவை கட்டிய பெண். ஒரு நாள் மீனவர், ஒரு நாள் பள்ளிக்கூடப் பையன், ஒரு நாள் வில்லோடு ராமர். ஆகஸ்ட் 9 அன்று ஹிட்லர். மீசையும் யூனிஃபார்மும் அச்சு அசல். யாரைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு முன், மாநிலம் பிரிகிற சமயத்தில் தன்னைத் தானே சாட்டையால் அடித்துக்கொண்டவரும் இவர்தான்.

டில்லிப் பத்திரிகைகள் அவரைக் கோமாளிக் கணக்கில் வைத்தன. இரண்டு பத்தி, ஒரு படம், பக்கத்தில் ஒரு புன்னகை. வட இந்திய டிவி நிருபர்கள் மைக்கை நீட்டி 'இன்றைக்கு நீங்கள் யார்?' என்று கேட்ட தொனியில் ஒரு இளப்பம் இருந்தது. அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. சிவப்பிரசாத் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தன் மண்ணில் ஐந்நூறு வருஷமாக அரசனைக் கேட்கிற முறை எதுவோ, அதைத்தான் நாடாளுமன்ற வாசலுக்குக் கொண்டுபோனார்.

பகடி வேஷம், பகல் வேஷம்

தெலுங்கில் 'பகடி வேஷாலு' என்று ஒரு கலை. 'பகடி' என்றதும் நமக்குக் கேலி என்று கேட்கும். தெலுங்கில் அது 'பகல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பகல் வேஷம் என்று பொருள். கூத்து மாதிரி ராத்திரி, மேடை, விளக்கு எதுவும் கிடையாது. பட்டப்பகலில் வேஷக்காரர் ஊருக்குள் நடந்து வருவார். போலீஸ்காரராக வருவார், கணக்குப்பிள்ளையாக வருவார், வட்டிக்கடைக்காரராக வருவார். வேஷம் என்று தெரிவதற்குள் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்காரரை மிரட்டி, பாதி ஊரைக் கூட்டிவிடுவார். பிறகு சிரிப்பு, பிறகு படி அரிசி. தெலுங்குக்குப் பகல், தமிழுக்குக் கேலி. இரண்டும் ஒரே தெருவில் ஒரே ஆளைக் குறிக்கின்றன. இந்த எல்லையில் பிறந்தவனுக்கு இப்படிச் சில சந்தோஷங்கள் உண்டு.

அந்தக் கலையின் மிகப் பெரிய கதை பக்கத்துக் கடப்பை ஜில்லாவில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மெக்கன்சி திரட்டிய ஊர்க்குறிப்புகளில் ஒன்றான மாச்சுபல்லி கைஃபியத்து அதைச் சொல்கிறது. 1502 வாக்கில் சித்தவட்டம் சீமையை ஆண்ட சம்மெட குரவராஜு, வரி கட்டாத குடும்பத்துப் பெண்களைச் சித்திரவதை செய்துவந்தான். அந்த வழியாக வந்த கூச்சிப்பூடி பாகவதர்கள் இதைப் பார்த்தார்கள். நேராக விஜயநகரம் போனார்கள். அரசர் வீர நரசிம்மர் முன்னால் ஆட அனுமதி கேட்டார்கள். புராணக் கதை வரும் என்று அரசர் உட்கார்ந்திருக்க, ஒருவர் குரவராஜுவாக வந்தார், ஒருவர் அவன் சேவகராக, ஒருவர் மார்பில் கிட்டி மாட்டப்பட்டுக் கதறும் பெண்ணாக. ஆடியது அவ்வளவுதான். மனு எழுதவில்லை, முறையிடவில்லை. அரசர் விசாரித்தார், படை அனுப்பினார், குரவராஜுவின் கதை முடிந்தது.

இதைவிட நெருக்கமான கதை திருப்பதியிலேயே இருக்கிறது. மலைமேல் இருக்கிறவரை உலகத்துக்கே தெரியும். கீழே ஊருக்குள் தாத்தய்யகுண்டாவில் இருக்கும் கங்கம்மாவை அவர் தங்கை என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். வருஷா வருஷம் மே மாதத்தில் ஜாத்திரை. திருப்பதி ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டுத் தெருவில் நடப்பார்கள். 'புஷ்பா 2' படத்தில் அல்லு அர்ஜுன் புடவையோடு ஆடினாரே, அந்த ஜாத்திரை. படம் பார்த்தவர்களுக்கு ஆட்டம் நினைவிருக்கும். கதை வேறு.

பாளையக்காரன் ஒருவன். 'பாலெகாடு' என்பார்கள். ஊரில் கண்ணில் படுகிற பெண்ணையெல்லாம் கெடுத்தவன். கங்கம்மாவின் கையையும் பிடித்தான். அவள் தன் உருவத்தைக் காட்டியதும் ஓடி ஒளிந்துகொண்டான். அவனை வெளியே வரவழைக்க அவள் தினம் ஒரு வேஷம் போட்டாள். பைராகி வேஷம், பண்ட வேஷம், தோட்டி வேஷம். அந்த நாட்களில் வேஷக்காரர்கள் வாயில் வருகிற வசவுக்கு அளவே கிடையாது. அதுவும் சடங்கில் சேர்த்தி. எதற்கும் அவன் அசையவில்லை. கடைசியில் துரை வேஷம் போட்டாள். பெரிய துரை ஊருக்கு வந்திருக்கிறார் என்றதும், மரியாதை செய்ய வேண்டுமே என்று பாளையக்காரன் தானாக வெளியே வந்தான். தலை போயிற்று.

எமரி பல்கலைக்கழகத்தில் சமயவியல் படிப்பித்த ஜாய்ஸ் ஃப்ளூகிகர் என்ற அமெரிக்கப் பேராசிரியை இந்த ஜாத்திரையோடு வருஷக்கணக்கில் பழகி, 2013-ல் தனிப் புத்தகமே போட்டார். நம் பத்திரிகைகள் ஜாத்திரையை ஆன்மிகப் பக்கத்தில் போடுகின்றன. எனக்கு இது அரசியல் கதை. திட்டினபோது வராதவன், மிரட்டினபோது வராதவன், தன்னைவிடப் பெரிய அதிகாரத்தைப் பார்த்ததும் குனிந்துகொண்டு வந்தான் பாருங்கள், அதிகாரத்தைப் பற்றி இதற்கு மேல் நகைச்சுவையாகச் சொல்ல முடியுமா? பங்காருபாளையமும் பழைய சித்தூர்ப் பாளையங்களில் ஒன்று என்பதைக் கொசுறாகச் சொல்லிவைக்கிறேன்.

இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு இதே வேலையைக் கட்டியங்காரன் பார்த்தான். பழைய வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து பிரித்து, கடப்பையின் தாலுகாக்களையும் சேர்த்து 1911-ல் உருவாக்கியதுதான் சித்தூர். திரௌபதி அம்மன் கோயில்களும் பாரதக் கூத்தும் எல்லைக் கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் இருக்கின்றன. துரியோதனன் திரை விலக்கி வருவதற்கு முன் கட்டியங்காரன் அவனுக்குப் புகழ் பாடுவான், பாடிக்கொண்டே வாரிவிடுவான். அஸ்தினாபுரத்துக் கஜானாவைப் பற்றிப் பேசும்போது ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரின் புது மாடி வீடு நடுவில் வந்துவிடும். தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். சிரிக்காவிட்டால் மானம் போகும்; சிரித்தாலும் போகும். சின்ன வயதில் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கூத்தில் இதை நேரில் பார்த்தேன். தலைவர் துண்டை வாயில் வைத்துச் சிரித்தார். மறுநாள் காலையில் கட்டியங்காரனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். அதுதான் வழக்கம்.

ஒரே வருஷம், இரண்டு நடிகர்கள்

1987-ஐ எடுத்துக்கொள்வோம். எல்லைக்கு இந்தப் பக்கம் முதல்வர் எம்.ஜி.ஆர்.; அந்தப் பக்கம் முதல்வர் என்.டி.ஆர். இரண்டு பேரும் வாழ்நாளெல்லாம் வேஷம் கட்டியவர்கள். தங்களை வைத்து இன்னொருவர் வேஷம் கட்டினால்?

சென்னையில் மார்ச் 29 தேதியிட்ட ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இரண்டு பேர். இவர்களில் எம்.எல்.ஏ. யார், அமைச்சர் யார் என்று கேள்வி. பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் அமைச்சர் என்று பதில். சபாநாயகர் பி.எச்.பாண்டியன் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் கேட்கவில்லை. சட்டமன்ற உரிமை மீறல் என்று மூன்று மாதக் கடுங்காவல். நாடே கொதித்ததும் இரண்டொரு நாளில் விட்டுவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். 1994-ல் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்தப் பணத்தை அவர் ஃப்ரேம் போட்டு ஆபீஸில் மாட்டினார். அட்டை ஜோக்கைவிட அந்த ஃப்ரேம் நல்ல ஜோக்.

அதே வருஷம் தெலுங்கில் 'மண்டலாதீசுடு' வந்தது. என்.டி.ஆரை அப்பட்டமாகக் கிண்டல் செய்த படம். அவர் சாயலில் நடித்தவர் கோட்டா சீனிவாச ராவ். நமக்கு 'சாமி'யின் பெருமாள் பிச்சை. அரசு அவரைப் பிடித்து உள்ளே போடவில்லை. ஆனால் ரசிகர்களின் கோபம் அவரை வெகுகாலம் விரட்டியது. இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் பதில் சொல்லத் தயங்குவேன். ஜெயிலுக்கு ஒரு தேதி இருக்கும், அப்பீல் இருக்கும். ரசிகர்களின் கோபத்துக்கு அப்பீல் எங்கே செய்வது?

வேஷம் என்றால் சோவைச் சொல்லாமல் நகர முடியாது. 'முகமது பின் துக்ளக்' நாடகத்தில், பிறகு 1971-ல் வந்த படத்தில், கல்லறையிலிருந்து துக்ளக்கும் இபின் பதூதாவும் உயிரோடு எழுந்து வருகிறார்கள். துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகிறான். கட்சி மாறி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி தருகிறான். அரங்கம் அதிர்ந்தது அந்தக் காட்சிகளுக்குத்தான். நான் இப்போது யோசிப்பது முடிவை. இரண்டு பேருமே வேஷதாரிகள். அரசியல்வாதிகளின் முகத்தைக் காட்டிவிட்டு வேஷத்தைக் கலைக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். நாள் வந்ததும் பதூதா கலைக்கிறான். துக்ளக் மாட்டேன் என்கிறான். நாற்காலி ருசி கண்டுவிட்டது. உண்மையைச் சொன்னவனை ஜனங்களே அடித்துக் கொல்கிறார்கள்.

கங்கம்மா கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவள் துரை வேஷம் போட்டாள், காரியம் முடிந்ததும் கலைத்தாள். துக்ளக்காக வந்தவன் கலைக்கவில்லை.

துரைகளின் ஊரில்

அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்ய வேஷம் வேண்டாம். கோட்டு சூட்டு போதும். ராத்திரி பதினொன்றரைக்கு டிவியில் ஒருவர் வந்து நின்று ஜனாதிபதியைக் கிழிப்பார். ஜனாதிபதியே பத்திரிகையாளர் விருந்துக்குப் போய் உட்கார்ந்து தன்னைப் பற்றிய கிண்டலைக் கேட்பார். பதிலுக்குத் தானும் வாருவார். 2011 விருந்தில் ஒபாமா எதிரே உட்கார்ந்திருந்த டிரம்பை வாரியது அப்படித்தான். சட்டமும் பக்கபலம். பொதுவாழ்வில் இருப்பவரைக் கேலி செய்ததற்காக மனம் புண்பட்டது என்று நஷ்டஈடு வாங்க முடியாது என்று 1988-ல் ஹஸ்ட்லர் பத்திரிகை வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அங்கேயும் கங்கம்மா கதை ஒன்று உண்டு. நியூயார்க்கைச் சுரண்டிக் கொழுத்த பாஸ் ட்வீட், ஜெயிலிலிருந்து தப்பி ஸ்பெயின் போனபோது, தாமஸ் நாஸ்ட் வரைந்த கார்ட்டூனை வைத்துத்தான் அவரை 1876-ல் அடையாளம் கண்டார்கள்.

இப்போது அங்கே காற்று மாறுகிறது. தன் முதலாளி ஜெஃப் பெசோஸ் டிரம்ப் சிலை முன்னால் மண்டியிடுவதாக வரைந்த படத்தை வாஷிங்டன் போஸ்ட் போட மறுத்ததும் ஆன் டெல்னேஸ் 2025 ஜனவரியில் வேலையை உதறினார். ஸ்டீஃபன் கோல்பேரின் ராத்திரி நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடியும் என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள்; காரணம் பணம் என்றது கம்பெனி. செப்டம்பரில் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். ஒளிபரப்பு ஆணையத் தலைவர் வெளிப்படையாக மிரட்டிய அன்றைக்கே நடந்தது அது. ஜனங்கள் சத்தம் போட்டதும் ஒரு வாரத்துக்குள் திரும்ப வந்தார். யாரையும் ஜெயிலில் போடவில்லை. லைசென்ஸ், வியாபாரம் என்று இரண்டு சொல் போதுமானதாக இருந்தது.

நம் ஊர் கார்ட்டூனும் அந்த ஊர் ஜனாதிபதியும் ஒரே படத்தில் சேர்ந்த கதையும் 2025-ல்தான். அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கு போட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய பிப்ரவரி மாதம். விகடன் ப்ளஸ் அட்டையில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் டிரம்ப். 15-ஆம் தேதி சாயங்காலத்திலிருந்து விகடன் இணையதளம் திறக்கவில்லை. ஒரு படத்துக்காக மொத்தக் கடைக்கும் பூட்டு. அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல, கடை திறந்தது. படத்தில் டிரம்பும்தான் இருந்தார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தகவல் இல்லை.

எங்கள் வேஷம், உங்கள் வேஷம்

ஆந்திராவுக்குத் திரும்புகிறேன். சிவப்பிரசாத் டில்லியில் ஹிட்லராக நின்றதற்கு ஒரு வருஷம் முன்னால், 2017 ஏப்ரலில், அவருடைய கட்சி ஆட்சி செய்த ஆந்திரப் போலீஸ் ஹைதராபாத்துக்குப் போய் ஒருவரைப் பிடித்துவந்தது. 'பொலிடிகல் பஞ்ச்' என்ற பெயரில் முகநூலில் சந்திரபாபுவையும் மகன் லோகேஷையும் மேலவையையும் கிண்டல் செய்துகொண்டிருந்தவர். பிரதமரை ஹிட்லராக்கினால் போராட்டம், முதல்வரின் மகனைக் கேலிப்படம் போட்டால் வழக்கு.

ஜெகன் ஆட்சிக்கு வந்தார். அவருடைய கட்சியின் எம்.பி.யாக ஜெயித்துவிட்டு அவரையே தினம் 'ரச்சபண்டா' என்று வீடியோவில் உட்கார்ந்து நக்கலடித்துக்கொண்டிருந்தார் ரகுராம கிருஷ்ணராஜு. ரச்சபண்டா என்றால் ஊர்ப் பொதுத் திண்ணை. 2021 மே 14, அவருடைய பிறந்தநாள். அன்றைக்கு சி.ஐ.டி. வந்து தேசத்துரோக வழக்கில் கைது செய்தது. காவலில் அடித்தார்கள் என்று அவர் குற்றம் சாட்டினார். உச்ச நீதிமன்றம் போய்தான் ஜாமீன் கிடைத்தது. 2024-ல் ஆட்சி மாறியதும் காட்சியும் மாறியது. கிருஷ்ணராஜு சட்டமன்றத் துணை சபாநாயகர். சந்திரபாபு படத்தை மாற்றிப் போட்டார் என்று டைரக்டர் ராம்கோபால் வர்மா மேல் வழக்கு.

இதில் எல்லாமே நையாண்டி என்று நான் சாதிக்க மாட்டேன். ஆந்திர அரசியல் மேடையில் கடந்த பத்து வருஷத்தில் புழங்கிய சொற்களைத் தமிழில் எழுதினால் இந்தப் பத்திரிகையை வீட்டுக்குள் விட மாட்டார்கள். மனைவியை, மகளை இழுத்து வைத வசவுக்கு நையாண்டி என்று சட்டை போட்டுவிட முடியாது. கங்கம்மா ஜாத்திரையிலும் வசவு உண்டுதான். ஆனால் அங்கே வைகிறவன் புடவை கட்டிக்கொண்டு, முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, தன்னையும் கேலிப் பொருளாக்கிக்கொண்டு வைகிறான். ஜாத்திரை முடிந்ததும் வாயை மூடிக்கொள்கிறான். மேடையில் வைகிறவருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. பிரச்சினை என்னவென்றால் போலீஸுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. அல்லது எப்போது தெரிய வேண்டுமோ அப்போது மட்டும் தெரிகிறது.

சிவப்பிரசாத்தின் வேஷங்களால் என்ன கிடைத்தது? சிறப்பு அந்தஸ்து வரவில்லை. 2018 ஜூலை 20-ல் அவருடைய கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 325-க்கு 126 என்று தோற்றது. 2019-ல் அவரும் தோற்றார். அதே வருஷம் செப்டம்பர் 21-ல் சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். கூச்சிப்பூடி பாகவதர்களுக்குக் கிடைத்தது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். பாகவதர்கள் ஆடியபோது குரவராஜுவுக்கு மேலே ஒருவர் இருந்தார், அவர் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தார். கங்கம்மா துரை வேஷம் போட்டபோது பாளையக்காரன் துரைக்காவது பயந்தான். டில்லியில் வேஷத்தைப் பார்த்ததெல்லாம் கேமராதான். கேமரா விசாரணை போடாது, படை அனுப்பாது. நாளைக்கு என்ன வேஷம் என்று மட்டும் கேட்கும். இன்னொன்று: பாகவதர்கள் வழிப்போக்கர்கள், தப்பாகிப்போனால் தலை போயிருக்கும். சிவப்பிரசாத் எம்.பி.; ஹிட்லர் மீசையைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்காரலாம். அவர் மேல் எனக்குப் பிரியம்தான். ஆனாலும் ஆபத்தில்லாத வேஷத்துக்கு அரை வலுதான் என்று தோன்றுகிறது.

டீக்கடைப் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு போனாரு, நின்னாரு. இப்ப இருக்கறவங்க யாரு நைனா நிக்கறாங்க?" என்றார். அதுவும் சரிதான்.

யார்டுக்குள் போனேன். இந்த ஊரில் இரண்டு எண்கள் கெட்டுப்போயிருக்கின்றன. தன் கட்சி எம்.எல்.ஏ.க்கள் 23 பேரை தெலுங்கு தேசம் இழுத்துக்கொண்டது என்பது ஜெகனின் பழைய புகார். 2019-ல் தெலுங்கு தேசத்துக்குக் கிடைத்தது சரியாக 23 சீட். ஓட்டு எண்ணிய தேதியும் மே 23. அஞ்சு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். 2024-ல் 175-க்கு 175 ஏன் கூடாது என்று கேட்டு இறங்கிய ஜெகனுக்குக் கிடைத்தது 11. இப்போது சிரிப்பு அந்தப் பக்கம். இதை யாரும் எழுத வேண்டாம், வரைய வேண்டாம், டிவியில் பேசி வளர்க்க வேண்டாம். சும்மா எண்ணைச் சொன்னால் போதும்.

ஒரு லாரியில் கிரேட் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்ற பையன் தெலுங்கில் எண்ணிக்கொண்டே தூக்கிக் கொடுத்தான். எட்டு, ஒன்பது, பத்து, ஜெகனண்ணா, பன்னிரண்டு. மேலே நின்றவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. வாங்கி அடுக்கிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. இருபத்தொன்று, இருபத்திரண்டு. பையன் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தான். எந்தக் கட்சி என்று தெரியாத வெளியூர்க்காரன்.

"சொல்லுடா," என்றார் மேலே இருந்தவர்.

"பாபுகாரு," என்று கிரேட்டைத் தூக்கிக் கொடுத்தான்.